பன்னிரண்டில் நின்றவர்கள்

கணினித் திரையில் பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏறி வந்த கோடு பன்னிரண்டில் மலையாக உச்சியைத் தொட்டு, பதின்மூன்றில் தலைகுப்புற விழுந்திருந்தது. அறுநூறு நோயாளிகளில் முந்நூற்றுப் பதினொரு பேர் பன்னிரண்டு. பதின்மூன்று வாங்கியவர்கள் இரண்டே பேர்.

அவள் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். மலை அசையவில்லை.

"எவ்வளவு கம்பீரமா நிக்குது பாருங்க," என்றார் பின்னால் வந்து நின்ற இயக்குநர்.

"சார், துக்கம் இப்படி நிக்காது."

"நிக்காம?"

"வழியும்."

"வெள்ளிக்கிழமை கமிட்டி. கவிதையெல்லாம் வேண்டாம். 'படிவம் மிக நன்று'ன்னு ஒரு வரி எழுதுங்க, கீழ உங்க கையெழுத்தைப் போடுங்க. அடுத்த மாசம் நாட்டுல இருக்கற அத்தனை ஆஸ்பத்திரிக்கும் போயிடும்."

அவளுடைய வேலை துக்கத்தை அளப்பதல்ல. துக்கத்தை அளக்கிற படிவம் ஒழுங்காக அளக்கிறதா என்று அளப்பது. இதை உறவினர்களுக்கு விளக்கும் முயற்சியை அவள் எப்போதோ கைவிட்டிருந்தாள். பள்ளி ஆசிரியரான அவள் கணவர்தான், "தையல்காரரோட டேப் சரியா இருக்கான்னு பார்க்கற வேலை," என்று சொல்லி எல்லார் வாயையும் அடைப்பார். அலுவலகத்தில் அவளுக்குத் 'தசமம்' என்று பெயர். டீக்கடைக்காரரிடம்கூடச் சர்க்கரை 'முக்கால் இல்லை, பூஜ்யம் புள்ளி ஏழு' என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. அது பொய். அவள் சொன்னது பூஜ்யம் புள்ளி ஆறு.

இப்போது அவள் முன் இருந்த படிவத்தைப் பேராசிரியர் ஒருவர் இருபது வருடம் உழைத்து உருவாக்கியிருந்தார். பன்னிரண்டு கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம் கெட்டதா, எரிச்சல் வந்ததா, மனம் கலங்கி அழுதீர்களா, வாழ்வதில் பிடிப்பு விட்டுப்போனதா. ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள்: வழக்கத்தைவிடக் குறைவு என்றால் பூஜ்யம், வழக்கம்போல் என்றால் ஒன்று, கொஞ்சம் அதிகம் என்றால் இரண்டு, மிக அதிகம் என்றால் மூன்று. கூட்டிப் பார்த்து பதின்மூன்றோ அதற்கு மேலோ வந்தால் மன உளைச்சல். பன்னிரண்டு வந்தால் ஆரோக்கியம், வீட்டுக்குப் போகலாம். நிறுவனத்தோடு ஒட்டியிருக்கும் மருத்துவமனையில் அறுநூறு பேரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வாரம் கழித்து அதே அறுநூறு பேரிடம் மறுபடி கொடுத்தார்கள். இரண்டு தடவையும் கிட்டத்தட்ட அதே மதிப்பெண். ஒற்றுமை, ஒன்றுக்குப் பூஜ்யம் புள்ளி ஒன்பது எட்டு. பேராசிரியருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவள் மட்டும் நம்பவில்லை. காலையில் சொன்னதை மாலையில் மாற்றிச் சொல்கிற மனிதர்களோடுதான் அவள் இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறாள்.

மணி பதினொன்றானது. எழுந்து மாடியிலிருந்த கழிவறைக்குப் போனாள்.

அம்மா இறந்து ஒன்பது மாதமாகிறது. ஒரு அட்டவணை முடியாமல் கிடந்ததால் நான்காம் நாளே வேலைக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் பதினொரு மணிக்கு ஆறு நிமிடம் அழுகை. கூடினால் ஏழு, குறைந்தால் ஐந்து. மற்றவர்கள் டீ குடிக்கப் போகிற நேரம் என்பதால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. குழாயைத் திறந்து முகத்தைக் கழுவி, கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் கணக்கில் ஒரு பிழை வராது. அதில் அவளுக்குச் சின்னதாக ஒரு கர்வம்கூட உண்டு.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மகள் கிண்டலை ஆரம்பித்தாள். பள்ளி இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவளுக்குக் கேலி செய்ய மட்டும் நேரம் கிடைத்துக்கொண்டே இருந்தது.

"அம்மா, குழம்பு எப்படின்னு சும்மா கேட்காத. ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள எவ்வளவுன்னு கேளு. அப்பதான் உனக்குத் திருப்தி."

"சரி, எவ்வளவு?"

"ரெண்டு வாரம் கழிச்சு அதே குழம்பை வை. அப்பதான் சொல்ல முடியும்."

மாமனார் காதில் வைத்திருந்த கருவியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "என்ன சொல்றா?" என்றார்.

"குழம்பு நல்லாருக்காம் மாமா," என்றாள் அவள். பிறகு கணவரிடம் திரும்பி, "ஏங்க, அறுநூறு பேர்ல பாதிப் பேர் கரெக்டா ஒரே மார்க்ல நின்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டாள்.

"பாஸ் மார்க்கா அது?"

"பாஸ் மார்க் மாதிரிதான்."

"அப்ப பரீட்சை எழுதினவனைப் பார்க்காத, பேப்பர் திருத்தினவனைப் பாரு," என்றார் கணவர், சாதத்தைப் பிசைந்துகொண்டே. "முப்பத்தஞ்சு பாஸ்னா என் பேப்பர் கட்டுலயும் முப்பத்தஞ்சுல பெரிய கூட்டம் நிக்கும். முப்பத்துநாலு இருக்காது. ஒரு மார்க்குல ஒருத்தனைக் கவுக்க யாருக்கும்மா மனசு வரும்?"

அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. இருபது வருட ஆராய்ச்சியில் இல்லாத ஒரு வரி குழம்பில் மிதந்து வந்தது போலிருந்தது.

மறுநாள் புதன்கிழமை காலையிலேயே மருத்துவமனைக்குப் போனாள். கணினிக்கு வந்தவை கூட்டுத்தொகைகள் மட்டும்தான். நோயாளிகள் கையால் நிரப்பிய தாள்கள் வெளிநோயாளிப் பிரிவின் பொருள் அறையில், பஞ்சு மூட்டைகளுக்கும் உடைந்த சக்கர நாற்காலிக்கும் நடுவே அட்டைப் பெட்டிகளில் கிடந்தன. ஒரு பெட்டியைப் பிரித்தாள். தாளுக்குத் தாள் ரப்பரால் அழித்த தடம். அழித்து, ஒரு கட்டம் தள்ளி, புதிதாக ஒரு டிக். பன்னிரண்டு. அடுத்ததும் பன்னிரண்டு. சில தாள்களின் வலது மேல் மூலையில், ஈ உட்கார்ந்து எழுந்த மாதிரி, பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி.

பொருள் அறையின் கதவு பாதி திறந்திருந்தது. அதற்கு நேர் எதிரே, சுற்றாத மின்விசிறிக்குக் கீழே, சோதனை முடிந்த பிறகும் தினமும் படிவம் நிரப்ப வைக்கும் நர்ஸின் மேஜை. பேனா கொடுத்தால் நோயாளிகள் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று பென்சிலை நூலில் கட்டி மேஜைக்காலில் முடிந்து வைத்திருந்தார். மருத்துவமனை முழுக்க அவர் பெயர் பென்சில் அக்கா. முன்னால் ஒரு லாரி ஓட்டுநர், ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பதினாறு வருதுண்ணா," என்றார் பென்சில் அக்கா.

"அதனால என்ன?"

"பதிமூணும் அதுக்கு மேலயும் வந்தா ஒன்பதாம் நம்பர் ரூம். அங்க இன்னொரு படிவம் குடுப்பாங்க. நாப்பத்தெட்டு கேள்வி. ஆலோசகர் செவ்வாக்கிழமைதான் வருவாரு. இன்னிக்கு புதன்."

"முதுகு வலின்னு வந்தவன்மா நான். லோடு வெளிய நிக்குது."

"அப்ப என்ன செய்யட்டும்?"

"கொஞ்சம் பார்த்துக் குறைச்சுப் போடுங்க."

"நானா குறைக்க முடியாதுண்ணா. எதைக் குறைக்கணும்னு நீங்கதான் சொல்லணும். உங்க மனசு."

ஓட்டுநர் தாளை வாங்கி, கத்திரிக்காயைத் திருப்பிப் பார்ப்பது போல ஒவ்வொரு கேள்வியாகப் பார்த்தார். "தூக்கம் அப்படியே இருக்கட்டும், அது நெஜமாவே வர்றதில்ல. எரிச்சலைக் குறைங்க. வீட்டுல அவ பார்த்தா, 'ஒத்துக்கிட்டியா'ன்னு கேட்பா."

"எரிச்சல் மூணு. ஒண்ணாக்கினா மொத்தம் பதினாலு. இன்னும் வேணும்."

"கடைசில ஒண்ணு இருக்கே, பிடிப்பு விட்டுப்போச்சுன்னு. அதை எடுத்துடுங்களேன்."

பென்சில் அக்காவின் கை நின்றது. "அதைத் தொட மாட்டேன்."

"ஏம்மா?"

"தொட மாட்டேன்ணா. வேற சொல்லுங்க."

ஓட்டுநர் தாடையைத் தேய்த்தார். "சரி, அழுகையை எடுத்துடுங்க. ஆம்பள, அழுதேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

"அழுகை ரெண்டு. பூஜ்யமாக்கினா பன்னெண்டு." ரப்பர் இரண்டு தடவை போய் வந்தது. "ஆச்சு. ஆனா உடனே போயிடாதீங்க. அந்த பெஞ்சுல அஞ்சு நிமிஷம் உக்காருங்க, நான் வரேன்."

அவர் பெஞ்சுக்குப் போனதும் தாளின் மூலையில் ஒரு புள்ளி விழுந்தது. பிறகு பென்சில் அக்கா உண்மையாகவே எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அஞ்சு நிமிடம் இருபது நிமிடமானது. வரிசை முணுமுணுத்தது. ஓட்டுநர் முதலில் சுவரைப் பார்த்துப் பேசினார், பிறகு செருப்பைப் பார்த்துப் பேசினார், கடைசியில் பேசாமல் தோளில் கிடந்த துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். படிவத்திலிருந்து எடுத்த அழுகை பெஞ்சில் வந்துகொண்டிருந்தது.

மதியம் வரிசை கரைந்த பிறகு அவள் மேஜைக்கு வந்தாள். பென்சில் அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"மேடம், நீங்க எப்ப வந்தீங்க?"

"காலையிலேயே. அக்கா, இது பேரம்."

"தெரியும் மேடம். ஆரம்பத்துல எல்லாரையும் ஒன்பதாம் நம்பருக்குத்தான் அனுப்பினேன். நாப்பத்தெட்டு கேள்வியைப் பார்த்துட்டு மருந்து வாங்காமலேயே ஓடிட்டாங்க. அப்புறம் திரும்ப வரவே இல்ல. பன்னெண்டு போட்டா பெஞ்சுலயாவது உக்காருறாங்க."

"ரெண்டாவது ரவுண்டுலயும் பன்னிரண்டே வந்திருக்கே?"

"போன தடவ எவ்வளவு போட்டோம்னு அவங்களே கேட்டு, அதையே போடச் சொல்றாங்க. எதுக்கு வம்புன்னு."

பூஜ்யம் புள்ளி ஒன்பது எட்டு. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "புள்ளி எதுக்கு?"

"அது எனக்கு. மறந்துடாம இருக்க. புள்ளி வச்சவங்களுக்கு வாரத்துக்கு ஒரு தடவ போன் பண்ணுவேன்."

"யாருக்கு வைக்கணும்னு எப்படி முடிவு பண்றீங்க?"

"தெரியல மேடம். பார்த்தா தெரியுது."

அவளுடைய தொழிலில் இதைவிடப் பெரிய கெட்ட வார்த்தை கிடையாது. பார்த்தா தெரியுது என்று சொன்னவர்களை எல்லாம் திருத்துவதற்காகத்தான் அவள் பாடப்புத்தகங்களே எழுதப்பட்டிருந்தன.

"மேடம், ஒண்ணு கேட்கறேன்," என்றார் பென்சில் அக்கா மெதுவாக. "இதை எழுதப் போறீங்களா? பதினொரு வருஷமா தற்காலிகத்துலதான் இருக்கேன். படிவத்துல கை வச்சேன்னு ஒரு வரி போனா அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

எழுதினால் இந்த மேஜை காலியாகும். எழுதாவிட்டால் படிவம் எல்லா மருத்துவமனைகளுக்கும் போகும். போகிற இடத்திலெல்லாம் ரப்பர் இருக்கும். இப்படி எழுந்து போய்ப் பெஞ்சில் உட்காருகிற ஆள் இருக்கமாட்டார்.

"வெள்ளிக்கிழமைதான் தெரியும்," என்று மென்று விழுங்கிவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை முழுவதும் அவள் ஒரு காரியம் செய்தாள். அறுநூறு பேரில் இருநூறு பேரை மனநல மருத்துவர் ஆளுக்கு ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசியிருந்தார். படிவம் சொல்வது சரியா என்று ஒத்துப் பார்ப்பதற்காகச் செய்தது அது. ஆனால் அந்தக் குறிப்புகளை இன்றுவரை யாரும் ஒத்துப் பார்க்கவில்லை. மருத்துவரின் கையெழுத்து யாருக்கும் புரியவில்லை என்பதே காரணம். மருத்துவருக்கும் புரியவில்லை. அவள் கீழே இருந்த மருந்துக் கடைக்காரரை அழைத்து வந்தாள். அவர் சுண்டல் பொட்டலத்தைப் படிப்பது போல மளமளவென்று படித்துக் கொடுத்தார்.

மருத்துவர் கண்டுபிடித்தபடி உண்மையாகவே மன உளைச்சலில் இருந்தவர்கள் நாற்பத்தோரு பேர். அவர்களில் படிவம் பிடித்தது ஒன்பது பேரை. புள்ளி பிடித்தது முப்பத்தேழு பேரை.

அவள் கூட்டலை மூன்று தடவை சரிபார்த்தாள். இருபது வருட உழைப்பை ஒரு பென்சில் முனை குத்திவிட்டது.

பொருள் அறையிலிருந்து எடுத்து வந்த பெட்டியின் அடியில் தனியாக ஒரு கட்டு இருந்தது. நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நிறுவன ஊழியர்கள் முப்பது பேர் நிரப்பியது. மேலே 'ஆரோக்கியமானவர்கள்' என்று இயக்குநர் தன் கையால் எழுதியிருந்தார். முழுமை வேண்டுமே என்று அதையும் புரட்டினாள். இருபத்தாறாவது தாளில் பன்னிரண்டு டிக்குகளும் ஒரே நெடுவரிசையில், அளவுகோல் வைத்து இறக்கியது போல நின்றன. எல்லாம் 'வழக்கம்போல்'. மொத்தம் பன்னிரண்டு. இவ்வளவு நேராக டிக் போடுகிறவள் இந்த நிறுவனத்தில் ஒருத்திதான்.

மூலையில் ஒரு புள்ளி இருந்தது.

தூசியாக இருக்கும் என்று விரலால் தட்டினாள். போகவில்லை. கண்ணாடியைத் துடைத்தாள். அப்போதும் இருந்தது.

ஏழாவது கேள்வியை வாசித்தாள். கடந்த இரண்டு வாரங்களில், வழக்கத்தோடு ஒப்பிடும்போது, மனம் கலங்கி அழுதது எவ்வளவு? அவள் பொய் சொல்லவில்லை. விதிமுறைக் கையேட்டில் சொன்னபடி, கேட்டதை நன்றாக வாங்கிக்கொண்டு, நேர்மையாகத்தான் பதில் போட்டிருந்தாள். ஆறு நிமிடம். போன மாதமும் ஆறு நிமிடம். அப்படியென்றால் வழக்கம்போல். தூக்கம்? ஒன்பது மாதமாக நான்கு மணி நேரம், அதனால் வழக்கம்போல். முதல் மாதத்தில் இதே படிவத்தை நிரப்பியிருந்தால் முப்பது தாண்டியிருக்கும். இரண்டாம் மாதத்தில் துக்கம் பழகிவிட்டது, பழகியதும் வழக்கமாகிவிட்டது, வழக்கமானதும் பேராசிரியரின் கணக்குப்படி ஆரோக்கியமாகிவிட்டது. இப்படியே ஆயுள் முழுவதும் அழுதுகொண்டிருந்தால் அவளைவிடத் திடமான பெண் இந்த நாட்டிலேயே இருக்கமாட்டாள்.

இத்தனை வருடம் மற்றவர்களின் டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவள், தன் உடம்பில் ஒரு நாளும் அதை வைத்துப் பார்க்கவில்லை. வைத்தபோதும் டேப் சரியாகப் பிடித்திருக்கிறதா என்றுதான் பார்த்திருக்கிறாள்.

படி இறங்கி மருத்துவமனைக்குப் போனாள். பென்சில் அக்கா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு எதுக்கு வச்சீங்க?"

எதைக் கேட்கிறாள் என்று புரிந்துகொள்ள அவருக்கு நேரமாகவில்லை. "அன்னிக்கு நீங்க படிவம் நிரப்ப வந்தப்ப 'எப்படி இருக்கீங்க மேடம்'னு கேட்டேன். 'எல்லாரும் நல்லா இருக்காங்க'ன்னீங்க."

"அவ்வளவுதானா?"

"நான் உங்களைத்தானே கேட்டேன்."

"சொல்லியிருக்கலாமே அக்கா."

"ரெண்டு நாள் டீ எடுத்துக்கிட்டு உங்க ரூமுக்கு வந்தேன். 'எத்தனை படிவம் முடிஞ்சுது'ன்னு கேட்டீங்க. சொல்லிட்டு வந்துட்டேன்."

வெள்ளிக்கிழமை கமிட்டி அறையில் குளிர்சாதனம் அளவுக்கு மீறி ஓடிக்கொண்டிருந்தது. நீள மேஜையின் தலைமாட்டில் சுகாதாரத் துறைச் செயலாளர், அறுபதை நெருங்கிய அம்மாள். ஒரு பக்கம் பேராசிரியர், மறுபக்கம் இயக்குநர். எல்லார் முன்னாலும் ஒரு காலிப் படிவமும் ஒரு தண்ணீர் பாட்டிலும் இருந்தன.

அவள் கையெழுத்துப் போடவேண்டிய தாளைத் தள்ளி வைத்துவிட்டு, "படிவம் அளக்கலை," என்றாள்.

இயக்குநர் இருமினார். பேராசிரியர் சிரித்தார். "ஒன்பது எட்டு வந்திருக்கே, தசமம்மா. அதுக்கு மேல என்ன வேணும்?"

"அதனாலதான் சார் அளக்கலை." மலையைக் காட்டினாள். நாற்பத்தொன்று, ஒன்பது, முப்பத்தேழு என்று எண்களைச் சொன்னாள். பேரத்தையும் சொன்னாள். இயக்குநர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"அந்த நர்ஸ் படிவத்தைத் திருத்தியிருக்காங்களா? இது மோசடி. இன்னிக்கே நோட்டீஸ் அனுப்பறேன்."

"பேரம் பேசினது ஜனங்க சார். விலை வச்சது நாம. பதிமூணு வாங்கினா நாப்பத்தெட்டு கேள்வி, ஒரு வாரம் அலைச்சல்னு அறிவிச்சு வச்சிருக்கோம். அந்த விலை குடுத்து யார் சார் துக்கத்தை வெளிய காட்டுவாங்க? அந்த அம்மாவை அனுப்பிட்டு இன்னொருத்தரை உக்கார வச்சா, ரப்பர் மட்டும் அப்படியே இருக்கும். புள்ளி இருக்காது."

"ஒரு புள்ளியை வச்சு அறிவியலைக் கவுக்கப் பார்க்கறீங்க," என்றார் பேராசிரியர். சிரிப்பு போயிருந்தது. "யாரோ பார்த்தா தெரியுதுன்னு சொன்னாங்கன்னா அது ஆதாரமா? ஒரு உதாரணம் காட்டுங்க. படிவம் ஆரோக்கியம்னு சொல்லி, உண்மையில அப்படி இல்லாத ஒருத்தரைக் காட்டுங்க. நான் நேர்ல பேசிப் பார்க்கறேன்."

அவள் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். "இது நான்."



"நீங்களா?" என்றார் இயக்குநர். "நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?"

"இல்ல."

அந்த ஒரு சொல்லைச் சொல்ல ஒன்பது மாதம் பிடித்திருக்கிறது. அதன்பின் மற்றது தானாக வந்தது. அம்மா, நான்காம் நாள், பதினொரு மணி, மாடிக் கழிவறை. ஆறு நிமிடம் என்று சொன்னபோது, கூடுதல் குறைவு ஒரு நிமிடம் என்பதையும் சேர்த்தே சொன்னாள். சுபாவம் போகுமா?

பேராசிரியர்தான் முதலில் சுதாரித்தார். குரலைத் தாழ்த்தி, கரிசனமாக, "அப்ப இந்த அறிக்கையை இப்படிப்பட்ட மனநிலையிலதான் எழுதியிருக்கீங்க. நாங்க எப்படிம்மா இதை எடுத்துக்கறது? முதல்ல ரெஸ்ட் எடுங்க," என்றார்.

"எந்த மனநிலை சார்?"

"இப்ப நீங்களே சொன்னீங்களே."

"உங்க படிவம் அப்படிச் சொல்லலையே. உங்க படிவம் சரின்னா நான் ஆரோக்கியமா இருக்கேன். அப்ப என் அறிக்கையை நீங்க ஏத்துக்கணும். நான் ஆரோக்கியமா இல்லைன்னா உங்க படிவம் தப்பு. என் அறிக்கையும் அதைத்தான் சொல்லுது."

பேராசிரியர், இருபது வருடமாகத் தான் கட்டிய வீட்டில் வெளியே போக வாசல் வைக்க மறந்துவிட்டது போல அறையைச் சுற்றிப் பார்த்தார்.

செயலாளர் அம்மாள் இவ்வளவு நேரமும் தலையைக் குனிந்து காலிப் படிவத்தில் எதையோ செய்துகொண்டிருந்தார். நிமிர்ந்தபோது அவர் கையில் திறந்த பேனா இருந்தது. "எனக்கும் பன்னெண்டுதான் வருது," என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு தாளை நான்காக மடித்துக் கைப்பையில் போட்டு 'ஜிப்'பை இழுத்தார். "படிவம் இப்போதைக்கு எங்கயும் போகாது. ஆறு மாசம் திரும்பப் பாருங்க. அந்த நர்ஸம்மா அங்கேயே இருக்கணும். அவங்க இல்லாம எதை வச்சுப் பார்ப்பீங்க?"

"அம்மா, அவங்க தற்காலிகம். ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது," என்றார் இயக்குநர். "ஊழியர் தலைப்புல நீட்டிக்க விதியில்ல."

"எந்தத் தலைப்புல விதியிருக்கோ அதுல போடுங்க."

திங்கட்கிழமை வந்த கூட்டக் குறிப்பை அவள் இரண்டு தடவை வாசித்தாள். மூன்றாம் பக்கத்தில் 'உபகரணங்கள்' என்ற தலைப்பின் கீழ் இருந்தது: கணினி ஒன்று, மேஜை ஒன்று, செவிலியர் ஒருவர். ஆறு மாத காலத்துக்கு மேற்படி உபகரணத்தின் அளவிடும் திறன் மதிப்பிடப்படும். அதுவரை இடம் மாற்றவோ அகற்றவோ கூடாது.

காலை பதினொரு மணிக்கு மாடிக்குப் போகாமல் அதை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். பென்சில் அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் படித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பதினொரு வருஷம் மனுஷியா இருந்து ஒண்ணும் நடக்கல. உபகரணமானதும் அகற்றக் கூடாதாம்."

"மன்னிச்சுக்கோங்க அக்கா. இந்த அளவுக்குத்தான் முடிஞ்சுது."

"அட, விடுங்க. பழுதானா அவங்களே சரி பண்ணிக் குடுக்கணும்ல? முட்டி வலி இருக்கு, எழுதிக் குடுக்கறேன்." சிரிப்பை நிறுத்தி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குக் கீழே நிற்பது சுலபமாக இல்லை. "நீங்க நிக்கறீங்களே. உக்காருங்க."

"வரிசை இருக்கே."

"இருக்கட்டும்."

அவள் நோயாளிகளின் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு கால் குட்டையாக இருந்ததால் அது லேசாக ஆடியது. முதல் வாக்கியத்தை மனதுக்குள் எழுதிப் பார்த்தாள், அது அறிக்கை போல இருந்தது, அடித்தாள். இரண்டாவதும் அப்படியே. பென்சில் அக்கா அவசரப்படுத்தவில்லை. கையில் படிவமும் இல்லை.

"எங்கம்மா," என்று ஆரம்பித்தாள். ஆறு நிமிடத்துக்குள் இது முடியாது என்று தெரிந்தது, கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

வரிசையில் முதலில் நின்றிருந்தவர் எட்டிப் பார்த்தார். "சிஸ்டர், இவங்க எத்தனாவது கேள்வியில இருக்காங்க?"

"இன்னும் முதல் கேள்விக்கே வரல," என்றார் பென்சில் அக்கா. "நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்கண்ணா."